115 ஃப்ளோரின் கூலியா, மொத்த விலையா? கிர்லண்டாயோவின் 1485 ஒப்பந்தம் பற்றிச் சில ஐயங்கள்

ஏடகம் (கேள்வி)

ஃப்ளோரன்ஸ் நகரில் இன்னொசென்டி என்ற கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் கோயிலுக்கு டொமெனிகோ கிர்லண்டாயோ வரைந்த பலிபீடப் படம் இருக்கிறது. மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி. அதன் ஒப்பந்தப் பத்திரம் 1485 அக்டோபர் 23 அன்று எழுதப்பட்டது. சாரம் இதுதான்:

30 மாதத்தில் முடிக்க வேண்டும். விலை 115 பெரிய ஃப்ளோரின் (ஃப்ளோரன்ஸின் பொன் நாணயம்). 1485 நவம்பர் 1 தொடங்கி மாதம் 3 ஃப்ளோரின் தவணை. கெடு தவறினால் ஓவியருக்கு 15 ஃப்ளோரின் அபராதம். தாளில் வரைந்து காட்டிய மாதிரியிலிருந்து விலகாமல், முழுவதையும் தன் கையாலேயே தீட்ட வேண்டும். அணிகலன்களுக்குப் பொடித் தங்கம். நீலம் மட்டும் ‘அவுன்ஸ் சுமார் 4 ஃப்ளோரின் பெறுமானமுள்ள அல்ட்ராமரீன்’, அதாவது லாபிஸ் லாசுலி கல்லிலிருந்து எடுக்கும் நீலம்.

மூன்று இடம் இடிக்கிறது. மாதம் 3 வீதம் 30 மாதத்துக்கு 90தான் வருகிறது, மீதி 25 எப்போது கொடுக்கப்படும்? மற்ற நிறங்களையெல்லாம் ‘நல்ல நிறங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, நீலத்துக்கு மட்டும் ஏன் விலை போட்டு எழுதினார்கள்? அளவை எழுதாமல் விலையை எழுதியது அதைவிட விநோதம். கடைசியாக, பீடப் படத்தின் அடியில் வரும் சிறுபட வரிசையை, அதாவது பிரெதெல்லாவை, வரைந்தவர் பார்த்தலோமியோ தி ஜொவான்னி. அப்படியானால் ‘தன் கையால்’ என்ற ஷரத்து மீறப்பட்டதா?

---

பத்திரக்கட்டு

முதல் ஐயத்துக்கு விடை பத்திரத்திலேயே இருக்கிறது. 115 என்பது உறுதியான விலை இல்லை, உச்சவரம்பு. படம் முடிந்ததும் அது 115 பெறுமா என்று மதிப்பிடும் உரிமை, பத்திரத்தை எழுதிய ஃப்ரா பெர்னார்டோ என்ற துறவியிடம் இருக்கிறது. யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து கருத்துக் கேட்கலாம். அவ்வளவு பெறாது என்று தோன்றினால், சரியென்று படும் அளவுக்குக் குறைக்கலாம். கூட்டிக் கொடுக்க மட்டும் வழியே இல்லை. ஆக, தவணையில் போகும் 90 வேலை ஓட, பின்னால் நிற்கும் 25 மதிப்பீடு முடிகிறவரை பிடித்துவைக்க. அபராதம் 15 என்பதையும் இந்த 25-ஓடு சேர்த்துப் பாருங்கள். கெடு தவறினால் வழக்குப் போட வேண்டியதில்லை, மீதியில் கழித்துக்கொண்டால் போதும்.

மறுபக்கமும் கட்டு இருக்கிறது. இல்லத்தின் தலைவர் தவணையை ஒழுங்காகக் கொடுக்காவிட்டால், படம் முடிந்த அன்றே மீதி முழுவதையும் ஒரே தொகையாக எண்ணி வைக்க வேண்டும். புரவலர் ஆணையிட்டார், கலைஞர் பணிந்தார் என்று எழுதிவிடுகிறோம். இந்தப் பத்திரத்தில் இரண்டு பேருக்கும் கடிவாளம் இருக்கிறது.

தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். 115 கூலி இல்லை. மரப்பலகையைச் செய்வித்தது இல்லத்தின் தலைவர், ஆனால் அதன் விலை ஓவியர் தலையில். நிறம், தங்கம், மற்ற செலவு எல்லாமே ஓவியருடையது. ஒரு ஃப்ளோரினில் சுமார் 3.5 கிராம் பொன். 115 என்றால் 400 கிராம் பொன்னுக்குச் சற்று மேல். பெரிய தொகைதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்: மாதத் தவணை 3 ஃப்ளோரின், நீலம் அவுன்ஸ் 4 ஃப்ளோரின். ஒரு மாதத் தவணை முழுவதையும் கொண்டுபோனாலும் ஒரு அவுன்ஸ் நீலம் வாங்க முடியாது! பத்து அவுன்ஸ் வாங்கினால் 40 ஃப்ளோரின், மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அதனால் கைமுதல் இல்லாத ஓவியர் இப்படி ஒரு வேலையைத் தொடவே முடியாது. கிர்லண்டாயோ தொட முடிந்ததற்குக் காரணம் பட்டறை. இந்தப் பத்திரத்துக்கு ஏழு வாரம் முன்னால், 1485 செப்டம்பர் 1 அன்று, ஜொவான்னி தொர்னபுவோனி என்ற வணிகருடன் சாந்தா மரியா நொவெல்லா கோயிலின் பீடச் சுவர்களைத் தீட்ட 1,100 ஃப்ளோரினுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். தம்பிகள் தாவிதே, பெனெதெத்தோ இருவரும் கூட உழைத்தார்கள். இன்னொசென்டி படத்தின் 30 மாதக் கெடு 1488 ஏப்ரல் 23-இல் முடிகிறது. அதே மாதம் 1-ஆம் தேதி பட்டறையில் சேர்ந்த பையனுக்கு வயது 13, பெயர் மிக்கேலாஞ்சலோ. மூன்று ஆண்டுக்கு 24 ஃப்ளோரின், முதல் ஆண்டு 6, அடுத்து 8, பிறகு 10.

---

கல்நீலம்

நீலத்துக்கு விலை எழுதியது ஆடம்பரத்தைக் காட்டுவதற்கு என்று பல இடங்களில் படிக்கிறோம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. அந்த விலை ஒரு தர முத்திரை. ‘அல்ட்ராமரீன்’ என்று பெயரை மட்டும் எழுதினால் பத்திரம் செல்லாக்காசு. ஏன் என்று புரிய, அந்த நிறத்தை எப்படி எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

மூலப்பொருள் லாபிஸ் லாசுலி கல். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலுள்ள சர்-இ-சங் சுரங்கத்திலிருந்து வெனிஸ் வழியாக வந்தது. கல்லில் நீலம் மட்டும் இல்லை. வெள்ளைச் சுண்ணகம் இருக்கிறது, தங்கம்போல மின்னும் பைரைட் இருக்கிறது. கல்லை அப்படியே அரைத்தால் வெள்ளையும் நீலமும் கலந்து, சாம்பல் பூத்த பொடிதான் கிடைக்கும். எத்தனை முறை அலசினாலும் அதில் நிறம் தெளியாது.

1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் எழுதிவைத்த முறை இது. மூடிய வெண்கல உரலில் இடிக்க வேண்டும், திறந்து இடித்தால் விலையுயர்ந்த தூசி பறந்துபோகும். பிறகு சலித்து அரைக்க வேண்டும். ஒரு ராத்தல் பொடிக்கு 6 அவுன்ஸ் பைன் பிசின், 3 அவுன்ஸ் மாஸ்டிக் பிசின், 3 அவுன்ஸ் புது மெழுகு. மூன்றையும் புதுச் சட்டியில் உருக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பொடியைப் போட்டு மாவுபோலப் பிசைய வேண்டும். கையில் ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் உருண்டை விரலைவிட்டு வராது. குறைந்தது மூன்று பகல் மூன்று இரவு வைத்து, தினமும் கொஞ்சம் பிசைய வேண்டும். பதினைந்து நாள், ஒரு மாதம் வைத்தாலும் கெடாது.

பிறகு அந்த உருண்டையை மெருகிட்ட சட்டியில் வைத்து, மிதமான சூட்டில் சாம்பல் கார நீர் ஊற்றி, இரண்டு குச்சிகளால் மாவு பிசைவதுபோல் அமுக்கி அமுக்கித் திருப்ப வேண்டும். நீலத் துகள் நீரில் இறங்கும். சுண்ணகமும் பைரைட்டும் பிசினுக்குள்ளேயே தங்கிவிடும். நீர் நன்றாக நீலமானதும் வேறு கிண்ணத்தில் வடித்துவிட்டு, புதுக் கார நீர் ஊற்றி மறுபடி பிசைய வேண்டும். இப்படிப் பல கிண்ணம். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிந்து, மேல்நீரை இறுத்து, உலர வேண்டும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை. ஒரே உருண்டையிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு கிண்ணமும் ஒரு தரம். முதல் இரண்டு கிண்ணத்து நீலம் அவுன்ஸ் 8 டுகாட் (வெனிஸின் பொன் நாணயம்) பெறும் என்கிறார் சென்னினி. கடைசி இரண்டு சாம்பலைவிட மோசம் என்றும் அவரே சொல்கிறார். டுகாட்டும் ஃப்ளோரினும் ஏறத்தாழ ஒரே எடைப் பொன். ஃப்ளோரன்ஸ் அவுன்ஸ் சுமார் 28.3 கிராம். 8 டுகாட் என்றால் சுமார் 28 கிராம் பொன், அதாவது எடைக்கு எடை தங்கம். கிர்லண்டாயோ பத்திரத்தின் 4 ஃப்ளோரின் என்றால் எடையில் பாதித் தங்கம். பத்திரம் கேட்டது ஆக உச்சியிலிருந்த தரத்தை இல்லை, நல்ல தரத்தை. ஆனால் 1 ஃப்ளோரின் நீலத்தைப் பூசிவிட்டு ‘இதுவும் அல்ட்ராமரீன்தானே’ என்று ஓவியர் வாதாடும் வாசலை அந்த ஒரு எண் அடைத்துவிடுகிறது. 1408-இல் எம்போலியில் ஸ்டார்னினா தீட்டிய சுவரோவிய ஒப்பந்தம் இன்னும் நுணுக்கம்: மரியாளுக்கு அவுன்ஸ் 2 ஃப்ளோரின் நீலம், மற்ற இடத்துக்கு 1 ஃப்ளோரின் நீலம்.

போலிக்குப் பயன்பட்டது அசுரைட், ஜெர்மானிய நிலங்களிலிருந்து வந்த செம்புக் கல். பார்வைக்கு ஏமாற்றும். சிட்டிகைப் பொடியை இரும்புத் தகட்டில் போட்டுச் சூடேற்றினால் அசுரைட் கறுத்துவிடும், அல்ட்ராமரீன் நீலமாகவே நிற்கும். அடியில் அசுரைட் பூசி, மேலே மட்டும் அல்ட்ராமரீன் மெல்லிசாகப் பூசுவது வழக்கமான சிக்கனம். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அல்ட்ராமரீன் ஒளி ஊடுருவும் நிறம், தனியாகத் தடிப்பாகப் போட்டால் கறுப்படிக்கும், அடியில் ஒளிபுகாத ஒரு பூச்சு வேண்டும்.

சுவரில் வேறு சிக்கல். ஈரச் சுண்ணாம்பில் அசுரைட் நிலைக்காது. அதனால் நீலத்தைச் சுவர் காய்ந்த பிறகு பசையோ முட்டையோ கலந்து மேலே பூசினார்கள். பசை செத்தால் நீலம் உதிரும். பதுவாவில் ஜொத்தோ தீட்டிய ஸ்க்ரொவெஞி தேவாலயத்தில் மரியாளின் மேலாடை பல இடங்களில் வெளுத்துச் சாம்பலாகத் தெரிவது இதனால்தான். நாம் பார்ப்பது அடிப்பூச்சு. மிக விலையுயர்ந்த இடம்தான் முதலில் போயிருக்கிறது.

இன்னொன்று, இதை யாரும் விட்டுவிடக் கூடாது. பத்திரம் எழுதிய ஃப்ரா பெர்னார்டோ ஜெசுவாத்தி சபைத் துறவி. ஃப்ளோரன்ஸில் சான் ஜுஸ்தோ மடத்தில் இருந்த அந்தச் சபையார்தான் நகரத்திலேயே பேர்போன நீலம் தயாரிப்பவர்கள். ஓவியர்கள் அவர்களிடம் போய் வாங்கினார்கள். ஆக, முடிந்த படத்தை மதிப்பிட உட்கார்ந்தவர் நீலம் காய்ச்சும் வீட்டைச் சேர்ந்தவர். மேலாடையின் மடிப்பில் எந்தக் கிண்ணத்து நீலம் இருக்கிறது என்று அந்த வீட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. அளவை எழுதாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு போட்டிருக்கிறாரா என்பதை மாதிரி வரைபடத்தையும் முடிந்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே தீர்ப்பார்கள்.

---

தச்சன்மனை

தங்கத்திலும் இதே கதை. ஒரு டுகாட் நாணயத்தை அடித்து 100 ரேக்குக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆனால் 145 எடுக்கிறார்கள் என்று சென்னினி குறைப்படுகிறார். எண்ணிக்கை ஏறினால் ரேக்கு மெலிகிறது, மெருகு கல்லால் தேய்க்கும்போது கிழிந்து அடியிலுள்ள செம்மண் பூச்சு தெரியும். சமதளப் பரப்புக்குத் தடித்த ரேக்கு, ஓர அலங்காரத்துக்கு மெல்லியது போதும். கிர்லண்டாயோ பத்திரம் பின்புலம் முழுக்க ரேக்கு ஒட்டச் சொல்லவில்லை, அணிகலனுக்குப் பொடித் தங்கம்தான் கேட்கிறது. அதற்குள் ரசனை மாறிவிட்டது.

பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. பாப்லர் மரப்பலகைக்கு வச்சிரம் பூசி, மேலே முரட்டு ஜிப்சம், அதற்கு மேல் நைசான ஜிப்சம் குறைந்தது எட்டுப் பூச்சு. நைசான ஜிப்சத்தைத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் தினமும் கிளற வேண்டும், இல்லாவிட்டால் கட்டியாக இறுகிவிடும். மேல்பூச்சில் வச்சிரம் கூடிவிட்டால் அது காயும்போது அடிப்பூச்சை இழுத்துக்கொண்டு பெயரும். இந்தக் கெடுதி ஓவியர் பணம் வாங்கிப் போன பிறகுதான் வெளியே தெரியும். அதற்காகத்தான் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் 1445 ஒப்பந்தத்தில், சான்செபோல்க்ரோ ஊரின் மிசெரிகோர்தியா சபையார் 10 ஆண்டுப் பொறுப்பு எழுதி வாங்கினார்கள். மரத்தாலோ அவர் வேலையாலோ குறை தெரிந்தால் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

---

நீலகண்டம்

இவ்வளவும் மெதிச்சி என்ற வங்கிக் குடும்பம் கொட்டிய பணத்தால்தானே நடந்தது? 6 லட்சம் ஃப்ளோரினுக்கு மேல் கலைக்குக் கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன்.

---

பத்திரக்கட்டு

நீலகண்டம், அந்த எண் லொரென்ஸோ மெதிச்சி எழுதிய குறிப்பிலிருந்து வருகிறது. 1434 முதல் 1471 முடிய 6,63,755 ஃப்ளோரின். ஆனால் அவர் சொல்வது கட்டடம், தர்மம், வரி மூன்றும் சேர்ந்த தொகை. வரியை எடுத்துவிட்டுக் கலைக்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க வழியில்லை. இந்தத் திரியில் பேசும் படத்துக்குப் பணம் கொடுத்தது மெதிச்சி இல்லை, குழந்தைகள் இல்லம். அந்த இல்லத்தை 1419-இல் புருனெல்லெஸ்கியை வைத்துக் கட்டத் தொடங்கியது பட்டு வணிகர் சங்கம். சாந்தா மரியா நொவெல்லா வேலை தொர்னபுவோனியுடையது. சபைகள், சங்கங்கள், நடுத்தரச் செல்வர்கள் கொடுத்ததையெல்லாம் ஒரே குடும்பத்தின் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏடகம் கேட்ட ‘தன் கையால்’ பற்றி. பத்திரத்தில் பலகைக்கு ஒரு வாக்கியம், பிரெதெல்லாவுக்குத் தனி வாக்கியம். ‘தன் கையால்’ என்பது பலகை வாக்கியத்தில் வருகிறது. பிரெதெல்லாவை ஃப்ரா பெர்னார்டோ நல்லதென்று கருதும்படி தீட்ட வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. 1488-இல் பார்த்தலோமியோவிடம் அதைக் கொடுத்ததைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் மீறல் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய படத்தின் பின்புலத்தில் ஏரோது குழந்தைகளைக் கொல்லும் காட்சியிலும் பார்த்தலோமியோவின் கையைத்தான் அடையாளம் காண்கிறார்கள். அது ஷரத்துக்குள் வருகிறது. இல்லத்தார் அதை ஏற்றுக்கொண்டார்கள், அதே பார்த்தலோமியோவுக்கே வேலையும் கொடுத்தார்கள்.

காரணம், அன்றைய ‘கை’ எல்லா இடத்துக்கும் ஒரே எடையில் பொருந்தவில்லை. 1487-இல் ஃபிலிப்போ ஸ்த்ரோஸ்ஸி என்ற செல்வருக்கு ஓவியர் ஃபிலிப்பினோ லிப்பி எழுதிக் கொடுத்தது: எல்லாம் தன் கையால், அதிலும் குறிப்பாக உருவங்கள். அந்த ‘குறிப்பாக’ என்ற சொல்லை விரலால் தொட்டுப் பாருங்கள். உருவம், முகம் ஆசானுடையது. தூரத்து மலை, கட்டடம், கூட்டம் பட்டறையுடையது என்ற புரிதல் அதற்குள் இருக்கிறது. (அந்த வேலை 1490-இல் முடிய வேண்டியது. லிப்பி இடையில் ரோமுக்குப் போய்விட்டார். ஸ்த்ரோஸ்ஸி 1491-இல் இறந்தார், ஓவியம் 1502-இல்தான் முடிந்தது.) பியெரோவின் 1445 பத்திரம் இன்னும் கடுமை, அவரைத் தவிர யாரும் தூரிகை தொடக் கூடாது. மூன்று ஆண்டுக் கெடு 17 ஆண்டாக இழுத்தது, அங்கேயும் பிரெதெல்லா வேறொருவர் கையால்தான் வந்தது.

---

உலைத்துருத்தி

சிற்பத்தில் நீலத்தின் இடத்தை எடை பிடித்துக்கொள்கிறது. ஓர்சன்மிக்கேலே கட்டடத்தின் வெளிமாடங்களில் ஒவ்வொரு வணிகச் சங்கமும் தன் புனிதர் சிலையை வைக்க வேண்டும். பளிங்கைவிட வெண்கலத்துக்குச் சுமார் பத்து மடங்கு செலவு. கலிமாலா துணி வணிகர் சங்கம் லொரென்ஸோ கிபெர்ட்டி என்ற சிற்பியிடம் வெண்கலத்தில் ஸ்நாபக அருளப்பர் (யோவான்) சிலை வாங்கிவிட்டது. நாணய மாற்றுக்காரர் சங்கத்துக்குப் பொறுக்குமா? 1419-இல் அதே கிபெர்ட்டியிடம் மத்தேயு சிலை கேட்டார்கள். உயரம் அருளப்பர் சிலைக்குக் குறையக் கூடாது, கூடினால் நல்லது. ஒரே வார்ப்பு, அல்லது தலை தனி உடல் தனி என்று இரண்டு வார்ப்பு. பீடத்தோடு சேர்த்து எடை 2,500 ராத்தலைத் தாண்டக் கூடாது. ஃப்ளோரன்ஸ் ராத்தல் 340 கிராம் வாக்கில், ஆக சுமார் 850 கிலோ.

உயரத்துக்குக் கீழ்வரம்பு, எடைக்கு மேல்வரம்பு. இரண்டையும் சேர்த்தால் சிற்பிக்கு மிஞ்சுவது உலோகத்தின் தடிமன்தான். தடிமன் கூடினால் உலோகச் செலவு ஏறும். அதோடு தடித்த இடம் மெதுவாக ஆறிச் சுருங்கி, மெல்லிய இடத்தோடு சேரும் விளிம்பில் விரிசல் விடும். தடிமன் குறைந்தால் உருக்கிய வெண்கலம் அச்சின் மூலைக்குப் போய்ச் சேருமுன் உறைந்து, சிலையில் பொத்தல் விழும். இந்த நடுவழியில் நடக்கத் தெரிந்தவர் என்பதுதான் கிபெர்ட்டியின் பெயர். 1401 ஞானஸ்நானக் கோயில் கதவுப் போட்டியிலும் இதுவே எடுபட்டது. ஈசாக்கைப் பலியிடும் காட்சியில் அவர் பலகை புருனெல்லெஸ்கியினுடையதைவிடச் சுமார் 7 கிலோ குறைவு, பெரும்பகுதி ஒரே வார்ப்பு. கதவுக்கு 28 பலகை. பலகைக்கு 7 கிலோ என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ வெண்கலம் மிச்சம். கலிமாலா சங்கத்தார் வணிகர்கள், இந்தப் பெருக்கலைப் போடாமல் இருந்திருக்க மாட்டார்கள். அழகும் சேர்ந்துதான் வென்றது, அதில் எனக்கு ஐயமில்லை.

அவ்வளவு தேர்ந்த கைக்கே மத்தேயு சிலை முதல் ஊற்றலில் முழுதாக வரவில்லை. கெட்டுப்போன பகுதியை 1421-இல் தன் செலவில் மறுபடி வார்த்தார்.

---

ஏடகம்

மூன்று ஐயமும் தீர்ந்தன, எல்லோருக்கும் நன்றி. ஃப்ரா பெர்னார்டோவை வெறும் எழுத்தர் என்று நினைத்துக் கடந்துவிட்டேன், அதுதான் என் பிழை. ஜெசுவாத்தி என்பதைத் தமிழில் ‘இயேசு சபை’ என்று எழுதலாமா?

---

கல்நீலம்

கூடாது. இயேசு சபைக்குப் பாப்பரசர் ஒப்புதல் கிடைத்தது 1540-இல், இந்தப் பத்திரத்துக்கு 55 ஆண்டு கழித்து. ஜெசுவாத்தி வேறு, 14-ஆம் நூற்றாண்டில் தோன்றி 1668-இல் கலைக்கப்பட்ட சபை. ‘ஜெசுவாத்தி’ என்றே விட்டுவிடுங்கள். அவர்களுடைய சான் ஜுஸ்தோ மடத்தைத் தேடி ஃப்ளோரன்ஸில் அலையவும் வேண்டாம். 1529-இல் முற்றுகைக்கு முன்பு நகர்மதிலை ஒட்டியிருந்த கட்டடங்களை இடித்தபோது அதுவும் போய்விட்டது. படம் மட்டும் இன்றும் அதே இன்னொசென்டி இல்லத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.